அமானுஷ்யக் காதல் கதைகளில் நாயகிக்கு ஏன் எப்போதும் இரண்டு காதலர்கள்?

ஒருத்தன் போதாதா என்று கேட்கிறீர்கள். காதலுக்குப் போதும், கதைக்குப் போதாது.

இந்த வகைக் கதைகளில் இரண்டு பையன்கள் என்றால் இரண்டு விதமான எதிர்காலம். 2005இல் தொடங்கிய ‘ட்வைலைட்’ நாவல் வரிசையில், எட்வர்ட் 1918இல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ரத்தக்காட்டேரி ஆக்கப்பட்டவன். அன்றிலிருந்து வயது 17தான். அவனோடு என்றென்றைக்கும் வாழ நாயகி பெல்லா மனுஷியாக இருப்பதையே விட வேண்டும். ஜேக்கப் ஓநாயாக மாறுகிறவன், ஆனாலும் அவனுக்காக அவள் எதையும் இழக்க வேண்டியதில்லை.

மூன்றாம் பாகத்தில் மலைமேல் ஒரு கூடாரம். பெல்லா குளிரில் வெடவெடக்கிறாள். எட்வர்டின் உடம்பே பனிக்கட்டி, அணைத்தால் இன்னும் மோசம். ஜேக்கப்தான் சூடு தர முடியும். எட்வர்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முக்கோணத்தின் மொத்தச் சிக்கலும் அந்தக் கூடாரத்துக்குள் வந்துவிடுகிறது.

சாதாரணப் பதின்வயதுக் காதல் முறிந்தால் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இங்கே முடிவெடுத்தால் திரும்ப முடியாது, அதனால்தான் அத்தனை தவிப்பு.

அப்புறம் வியாபாரமும் உண்டு. ‘டீம் எட்வர்ட்’, ‘டீம் ஜேக்கப்’ என்று வாசகர்கள் கட்சி பிரிந்தால் அடுத்த பாகம் தானாக விற்கும்.

என் குறை ஒன்றுதான்: யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தவிர நாயகிக்கு வேறு வேலையே இல்லாமல் போய்விடுகிறது.