எட்டாம் வகுப்புக்குப் பங்குச்சந்தையா, வட்டிக் கணக்கா?

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளையைப் பண மேலாண்மைக்கு ஒதுக்கி, தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். பங்குச்சந்தையிலிருந்து தொடங்கலாம் என்கிறார்கள் சிலர். முதலீட்டு முகவர் ஒருவர் இலவசமாக வகுப்பெடுக்க முன்வந்திருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வட்டியிலிருந்து தொடங்குங்கள். எட்டாம் வகுப்புக் கணிதத்தில் கூட்டுவட்டி இருக்கிறது. சமூக அறிவியலில் பணம், சேமிப்பு, முதலீடு பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. ஆனாலும் கூட்டுவட்டிச் சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதும் மாணவி, வீட்டில் "மூணு வட்டிக்கு வாங்கியிருக்கோம்" என்று பேசுவதைக் கேட்கும்போது, அது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம் என்று கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் முதல் நான்கைந்து வகுப்புகளுக்கு இது ஒன்றே போதும்.

அடுத்து இருசக்கர வாகனக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 60,000 ரூபாய் கடன், 10 சதவீத ஃபிளாட் வட்டி, 24 மாதத் தவணை. முழுத் தொகைக்கும் இரண்டு ஆண்டு வட்டி 12,000 ரூபாய் ஆகிறது. மாதத் தவணை 3,000 ரூபாய். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே போடப்படுவதால், உண்மையான வட்டி 18 சதவீதத்துக்குச் சற்று மேலே போய்விடுகிறது. இதைச் சொல்லிக் காட்டுவதைவிட, கரும்பலகையில் 24 வரிசை போட்டு, நிலுவைத் தொகைக்கு மாதம் 1.5 சதவீத வட்டி என்று மாணவர்களையே எழுதவிடுங்கள். முதல் மாதத் தவணையில் 900 ரூபாய் வட்டிக்கும் 2,100 ரூபாய் அசலுக்கும் போகும், நிலுவை 57,900. குறையும் நிலுவைக்கு 10 சதவீதம் மட்டும் வட்டி போட்டிருந்தால், இதே தவணையில் கடன் 22 மாதத்திலேயே தீர்ந்திருக்கும் என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் பேசப் போனபோது, "யார் வீட்டில் கடன் இருக்கிறது, கை தூக்குங்கள்" என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன். ஒரு கையும் எழவில்லை. பல தலைகள் குனிந்தன. வீட்டு வரவு செலவை வகுப்பில் சொல்லச் சொல்லாதீர்கள். கற்பனைக் குடும்பம் ஒன்றை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

10 வயது நிறைந்தவர்கள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. எந்த அளவுக்கு என்பதை வங்கிகள் வரையறுக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லும்போது, பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை என்பதையும், கமிஷன் தருகிறோம் என்று யார் சொன்னாலும் கணக்கை வாடகைக்கு விடக்கூடாது என்பதையும், ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். பங்கு என்றால் என்ன என்பதற்கு ஒரு பாடவேளை போதும்.

முகவர் வேண்டாம். ரிசர்வ் வங்கியும் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியும் உள்ளிட்ட நான்கு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து ஏற்படுத்திய தேசிய நிதிக் கல்வி மையம், பள்ளி மாணவர்களுக்கென்றே பாடநூல்களைத் தயாரித்திருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தேர்வும் நடத்திவந்திருக்கிறது. முகவரை மறுக்க முடியாத நிலை வந்தால், தலைமையாசிரியரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்: பெற்றோரின் கைப்பேசி எண்கள் அவர் கைக்குப் போகக்கூடாது.