பணம் கட்டினால் எழுத்து வருமா?

செட்டிநாட்டுப் புதுவயலிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்: "பிள்ளைகள் வெளியூரில். எங்கள் வீட்டைப் பற்றியும், அப்பத்தா சொன்ன பர்மாக் கதைகளையும் எழுத ஆசை. இரவில் நோட்டை விரித்தால் ஒரு வரி நகர்வதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. 30 நாளில் எழுதும் பழக்கம், முடிவில் என் பெயரில் புத்தகம், ஐஎஸ்பிஎன், சான்றிதழ். ரூ.18,000 கேட்கிறார்கள். சேரலாமா?"

சேர வேண்டாம், ஆச்சி.

முதலில் அந்த 30 நாள். பழக்கம் இத்தனை நாளில் படியும் என்று யாரும் உறுதி தர முடியாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினமும் பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது மாதிரி எளிய காரியங்களே தன்னால் நடக்கும் பழக்கமாவதற்கு ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. அதனால் விசேஷம், துஷ்டி என்று எழுதாமல் போன மறுநாள் நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள்.

வரி நகராததற்குக் காரணம் உங்களிடம் விஷயம் இல்லாதது அல்ல. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டை மொத்தமாக எழுத உட்கார்ந்தால் யாருக்குத்தான் ஓடும்? இதில் நம் பள்ளிக்கூடங்களுக்கும் பங்கு உண்டு. முன்னுரை, உள்தலைப்பு, முடிவுரை என்று நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்யவைத்தே பிள்ளைகளை வளர்க்கிறோம். சொந்தமாக நாலு வரி எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் போட ஆளில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகும் பேனாவைத் தொட்டவுடன் கை முன்னுரையைத்தான் தேடுகிறது.

முன்னுரை வேண்டாம். சாமான் அறையைத் திறந்து பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றை எடுத்து வெளியே வையுங்கள். அந்த எழுத்து யாருடையது? எந்தக் கல்யாணத்துச் சீர்? அதில் என்ன ஆக்கினார்கள், எந்த வருஷத்தோடு நின்றது? பாகம் பிரித்தபோது அதை யார் கேட்டார்கள்? அரைப் பக்கம் போதும். நாளைக்கு அடுத்த பாத்திரம். பர்மாக் கதையும் அப்படித்தான். "ஐயா ரங்கூன் போனார்" என்பதற்கு மேல் பேனா போகாது. அங்கே வட்டிக்கடையில் எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகப் போனாரா, மேலாளுக்கு உதவியான அடுத்தாளாகவா, கடையை நடத்தும் மேலாளாகவா? மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பியபோது பெட்டியில் என்ன இருந்தது? அப்பத்தா முதலில் என்ன கேட்டார்? தெரியாத இடத்தில் "தெரியவில்லை, பெரிய ஆச்சியிடம் கேட்க வேண்டும்" என்றே எழுதிவையுங்கள். மறுநாள் தொடங்க அதுவே போதும்.

இரவை விட்டுவிடுங்கள். காலைக் காபி முடிந்த கையோடு, தினமும் ஒரே இடத்தில். சொல்ல வந்தது தீர்வதற்குள் நிறுத்துங்கள். திருத்துவதெல்லாம் நோட்டு நிறைந்த அப்புறம்.

பாத்திரக் கதை யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதியவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரம்தான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

சரி, அந்த 18,000. ஐஎஸ்பிஎன் எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. எழுதியவரே விண்ணப்பிக்கலாம். அது புத்தகத்துக்கு ஓர் அடையாள எண், தரச் சான்று அல்ல. இந்த ஒரு செய்தியைத் தமிழில் துண்டறிக்கையாக அடித்து ஒவ்வொரு கிளை நூலகத்திலும் வைத்தால் பாதித் தரகர்கள் காணாமல் போவார்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, இதைக்கூடவா செய்ய முடியாது?

"பதிப்புரிமை எடுத்துத் தருகிறோம்" என்பார்கள். நீங்கள் எழுதியது எழுதிய உடனே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று பத்திரத்தில் இல்லாவிட்டால் 5 ஆண்டுதான். அதனால்தான் "நிரந்தரமாக" என்ற சொல்லை நடுவில் நுழைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தச் சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "நாற்பது பேர் சேர்ந்த தொகுப்பு நூல், ஆளுக்கு இரண்டு பக்கம், பத்துப் பிரதி நீங்களே வாங்க வேண்டும்" என்று வந்தாலும் வேண்டாம். அங்கே எழுதியவர்களேதான் வாடிக்கையாளர்கள்.

ஒரே ஒரு இடத்தில் சொந்தப் பணம் போடலாம். வீட்டில் மணிவிழா வருகிறது, வருகிற பங்காளிகளுக்கும் தாயபிள்ளைகளுக்கும் தாம்பூலத்தோடு கொடுக்க ஒரு புத்தகம் வேண்டும் என்றால் தாராளமாக அச்சிடுங்கள். அதை விற்கப் போவதில்லை என்பதால் ஐஎஸ்பிஎன்னும் தேவையில்லை, பதிப்பகமும் தேவையில்லை. தரகர் வழியாகப் போகாமல் நேரே அச்சகத்துக்குப் போங்கள். எத்தனை பிரதி, டெமி என்கிற புத்தக அளவா, காகிதத்தின் கனம் எத்தனை ஜிஎஸ்எம், தைத்த கட்டா ஒட்டிய கட்டா, அட்டைக்கு லேமினேஷன் உண்டா என்று எழுதிக் கொடுத்து, குறைந்தது இரண்டு அச்சகங்களில் விலை வாங்குங்கள். மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முந்தைய திருத்தப் படியை, நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சு ஓட வேண்டும். மீதிப் பணத்தைக் கொடுக்கும்போது புத்தகத்தின் பிடிஎஃப்பையும், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மறுபதிப்பு போடும்போது தட்டச்சுக்கு மறுபடியும் பணம் கேட்பார்கள்.