டான் ஜிம்மர் ஒரு பெஞ்ச் கோச்தானே, அவர் இறந்தப்போ பேஸ்பால் ரசிகர்கள் ஏன் அவ்ளோ உருகினாங்க?

பெஞ்ச் கோச்னா மேனேஜர், அதாவது டீமோட தலைமை கோச், பக்கத்துலயே உக்காந்து அடுத்து யாரை இறக்கலாம், எதிர் டீம் என்ன பண்ணும்னு காதுல சொல்லிட்டே இருக்கற ஆளு. கல்யாண வீட்ல பந்தி பக்கம் சேர் போட்டு உக்காந்து எல்லாத்தையும் கவனிச்சிக்கிற பெரியப்பா மாதிரி, பத்திரிகைல பேர் சின்னதாத்தான் இருக்கும், ஆனா அவர் இல்லனா ஒண்ணும் நடக்காது.

ஜிம்மர் 2014 ஜூன்ல 83 வயசுல இறந்தாரு, அதுவரைக்கும் பேஸ்பால் தவிர வேற வேலையே பாக்கல, கல்யாணமே 1951ல நியூயார்க் மாநிலத்து எல்மைரா ஊர் மைதானத்துல, பேட்ஸ்மேன் நின்னு அடிக்கற ஹோம் பிளேட்லதான். 1955ல வேர்ல்ட் சீரிஸ், அதாவது அமெரிக்க பேஸ்பால் சாம்பியன் பட்டம், ஜெயிச்ச புரூக்ளின் டாட்ஜர்ஸ் டீம்ல ஆடினவரு, அப்புறம் மேனேஜர், அப்புறம் நியூயார்க் யாங்கீஸ் டீம்ல மேனேஜர் ஜோ டோரிக்கு பெஞ்ச் கோச். ரசிகர்கள் ஞாபகம் வச்சிருக்கறது ரெக்கார்டை இல்ல (பேட்டிங் சுமார்தான்), 1999ல டக்அவுட்ல (டீம் உக்கார்ற இடம்) இருந்தப்போ ஒரு ஃபவுல் பால், அதாவது கோட்டுக்கு வெளிய அடிபட்டு போன பந்து, அவர் மேல பட்டுச்சு, அடுத்த மேட்ச்ல மனுஷன் யாங்கீஸ் லோகோ ஒட்டின ராணுவ ஹெல்மெட்ட மாட்டிட்டு வந்து உக்காந்தாரு பாருங்க, அதைத்தான். கடைசியா டாம்பா பே ரேஸ் டீம்ல, பேஸ்பால்ல எத்தனாவது வருஷமோ அதையே ஜெர்சி நம்பரா வருஷாவருஷம் மாத்திக்கிட்டே வந்தாரு, 66ல நின்னுச்சு, 2015ல அந்த நம்பரை வேற யாருக்கும் தரமாட்டோம்னு டீமே ரிட்டயர் பண்ணிட்டாங்க.

அப்புறம், அவர் தலைல இரும்பு பிளேட் இருந்துச்சுன்னு நிறைய பேர் சொல்வாங்க, அது தப்பு, 1953ல பந்து பட்டு மண்டைல துளை போட்டு ஆபரேஷன் பண்ணாங்க, அந்தத் துளைகளை அடைச்சது டான்டலம்ங்கற உலோகத்துல செஞ்ச சின்ன பட்டன்கள்தான்.