கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: எங்கள் தெருமுனையில் சின்னதாக ஒரு கஃபே வந்திருக்கிறது. காலையிலேயே தோசை, ஆம்லெட், பர்கர் என்று கூட்டம். குழந்தைகளையும் சைவம் மட்டும் சாப்பிடும் மாமியாரையும் கூட்டிப் போகலாமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மணி. ஈரோட்டில் எங்கள் வீட்டுப் பக்கமும் அப்படி ஒரு கடை உண்டு. ஞாயிறு காலை எனக்கு அங்கேதான். அடுப்பு தெரிகிற மேசையாகப் பார்த்து உட்காருங்கள். பன்னைப் பிளந்து, வெண்ணெய் தடவி, வெட்டிய பக்கத்தைக் கல்லில் கவிழ்க்கிறார்களா என்று கவனியுங்கள். அது பொன்னிறமாக முறுகினால்தான் சாறு இறங்கி பன் நசநசக்காது. இதைச் செய்யாத கடையில் தோசையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொத்துக்கறி பர்கர் என்றால் உள்ளே நன்றாக வெந்திருக்க வேண்டும். முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேலேதான் இருக்கும். அரைத்தால் உள்ளேயும் போய்விடும். அதனால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியாக வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் இதில் சமரசமே வேண்டாம்.

எங்கள் கடையில் பள்ளிபாளையம் சிக்கனை பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். அத்தனை ருசி! மயோனைஸ் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், காரத்தை அமுக்கிவிடும்.

அப்புறம், மாமியாருக்குத் தோசை சொல்லும் முன் தனிக் கல் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.