பம்ப்பில் 4-க்குப் பதில் 40: இது கவனக்குறைவா, பர்ன்அவுட்டா?

கேள்வி (கொரோனா காலத்தில் வந்தது): ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருக்கிறேன். பெருந்தொற்று தொடங்கியதிலிருந்து 12 மணி நேர ஷிஃப்ட்தான், அதுவும் நேரத்துக்கு முடிவதில்லை. முன்பு ஒன்றிரண்டு நோயாளிகளைப் பார்ப்பேன், இப்போது நான்கு பேர். போன வாரம் விடியற்காலை, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தைச் சீராகச் செலுத்தும் பம்ப்பில் மணிக்கு 4 மி.லி. போடுவதற்குப் பதில் 40 என்று அழுத்திவிட்டேன். ஸ்டார்ட் கொடுப்பதற்குள் சக நர்ஸ் பார்த்துத் தடுத்துவிட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து பம்ப்பைத் தொட்டாலே கை நடுங்குகிறது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?

பதில்: அந்த மருந்து மணிக்கு 40 மி.லி. போனால் ரத்த அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். கை நடுங்குவது அதனால்தான். உங்களுக்கு வேலை தெரியாமல் இது நடக்கவில்லை. அதனால் ‘இனி கவனமாக இரு’ என்று யாராவது சொன்னால், அது மருந்தாகாது.

பர்ன்அவுட்டை ஒரு நோயாக அல்ல, வேலையிடத்து அழுத்தத்தால் வரும் நிலையாகவே உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் ஒட்டுதல் அற்றுப்போவது, ‘நான் செய்து என்ன ஆகப்போகிறது’ என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் முகங்கள். மூன்றில் நான் அதிகம் பயப்படுவது இரண்டாவதற்கு. களைத்தவர் தடுமாறினாலும் சரிபார்ப்பார். ஒட்டுதல் போனவர் சரிபார்க்காமலே சார்ட்டில் டிக் போட்டுவிடுவார். வெறும் களைப்பு என்றால் நாலு நாள் நல்ல தூக்கத்தில் தெளியும். லீவு முடிந்து வந்த முதல் நாளே அதே வெறுமை இருந்தால் அது பர்ன்அவுட்டாக இருக்கலாம்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். மதியம் 12 மணிக்கு எழுந்து நைட் டியூட்டிக்கு வந்தவர் காலை 5 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் கையும் கண்ணும் இணைந்து செயல்படும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு இறங்குவதை 1997-ல் வந்த ஆய்வு காட்டியது. பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் ஷிஃப்ட்டுகளில் நர்ஸ்கள் தவறு செய்யும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று 2004-ல் அமெரிக்காவில் கண்டார்கள். இதன் மேல் பனி படிந்த ஃபேஸ் ஷீல்டு, மாஸ்க்கில் மழுங்கும் பேச்சு, ஓயாத அலாரம். இத்தனைக்கும் நடுவே ஒரு பூஜ்யம் கூடுவது அதிசயமே இல்லை.

உடனே மாற்றக்கூடியது இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பது. பெரும்பாலும் அதைத் தவறாகவே செய்கிறோம். ‘மணிக்கு 4 தானே?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தலையாட்டத்தான் செய்வார். எண்ணைச் சொல்லாதீர்கள். ஆர்டரையும் சிரிஞ்ச் லேபிளையும் காட்டி, அவரையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு திரையில் இருப்பதை அலகோடு வாய்விட்டுப் படித்து, சிரிஞ்சிலிருந்து நோயாளி வரை டியூபை விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் அழுத்துங்கள். எல்லா மருந்துக்கும் இப்படிச் செய்ய முயன்றால் அது சடங்காகிவிடும். நார்அட்ரினலின் போன்றவை, இன்சுலின், பொட்டாசியம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள் ஆகியவற்றுக்குக் கட்டாயமாக்கினால் போதும்.

அடுத்தது, நடந்ததை எழுதிக் கொடுங்கள். இதைத்தான் தள்ளிப்போடுவீர்கள் என்று தெரியும். ஆனால் அந்த பம்ப் 40-ஐ ஏன் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது? மருந்துவாரியாக உச்சவரம்பு வைக்கும் வசதி அதில் இல்லையா, அவசரத்தில் கொண்டுவந்த பழைய பம்ப்பா? நீங்கள் எழுதாவிட்டால் அதே பம்ப் நாளை புதிதாக வந்த ஒருவர் கையில் இருக்கும். ரிப்போர்ட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதாதீர்கள். நேரம், எத்தனையாவது மணி நேர டியூட்டி, கையில் எத்தனை நோயாளிகள், அந்த நிமிடம் யார் கூப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். தண்டிப்பார்களோ என்ற பயம் இருந்தால், தடுத்த சக நர்ஸையும் சேர்த்துக்கொண்டு இன்சார்ஜிடம் முதலில் வாய்மொழியாகப் பேசுங்கள். தொடர் நைட்டைக் குறைப்பது, நடுவில் யாராவது வந்து மாற்றிவிட்டு நிஜமாகவே பிரேக் கிடைப்பது ஆகிய இரண்டையும் அப்போதே கேளுங்கள். யோகா வகுப்பு தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு அது பதில் ஆகாது.

கை நடுக்கம் சில வாரங்களில் அடங்கிவிடலாம். அடங்காமல், லீவு நாளிலும் தூக்கம் வராமல், டியூட்டிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அடுத்த ஆஃப் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.