டியூப் ஆம்ப்போடு மாடலர்: எந்த எஃபெக்ட் எங்கே போக வேண்டும்?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன். 40 வாட் டியூப் ஆம்ப் இருக்கிறது. எஃபெக்ட்ஸுக்காக ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் வாங்கி ஆம்ப் இன்புட்டில் செருகினேன். கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கிறது. டிஸ்டார்ஷன் சேனலில் டிலே, ரிவர்ப் எல்லாம் ஒரே குழப்பம். நண்பர் சொன்னபடி நான்கு கேபிள் போட்டால் 'உம்' என்று இரைச்சல். ஆம்ப்பை விற்றுவிடலாமா?"

விற்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஆம்ப்பில் கோளாறு இல்லை, மாடலரிலும் இல்லை. (ஆம்ப், ஸ்பீக்கர், எஃபெக்ட் ஒலிகளை டிஜிட்டலாக உருவாக்கும் பெட்டிதான் மாடலர்; உங்கள் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் அப்படி ஒன்று.) இரண்டும் ஒரே வேலையைச் செய்யப் போட்டி போடுகின்றன, அவ்வளவுதான்.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் பிரீசெட்டில் (மாடலரில் சேமித்து வைத்த ஒலி அமைப்பு) இருக்கும் ஆம்ப், கேபினெட் பிளாக்குகள், அதாவது ஆம்ப்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும் போலச் செய்யும் பகுதிகள். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வேகமாக வெட்டிவிடும். கேபினெட் பிளாக்கும் அதே வெட்டைத்தான் போடுகிறது. அது பிஏ ஸ்பீக்கருக்கும் (அரங்கம் முழுக்கக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) ஹெட்ஃபோனுக்கும் வேண்டியது. நிஜ ஸ்பீக்கர் இருக்கும்போது இரண்டு முறை வெட்டினால் பளிச்சென்ற ஒலி எப்படி வரும்? கம்பெனி பிரீசெட்களை விட்டுவிட்டு, காலியான ஒன்றில் தொடங்குங்கள்.

அடுத்தது டிலே. டிஸ்டார்ஷன் பெரிய சத்தத்தை நசுக்கி, சின்ன சத்தத்தைத் தூக்கிவிடும். டிலே அதற்கு முன்னால் இருந்தால், மெல்ல அடங்க வேண்டிய எதிரொலிகளும் அசல் ஸ்வரத்தின் அளவுக்கு எழும்பி ஒன்றோடொன்று மோதும். வா (wah) பெடல், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் எல்லாம் பிரீஆம்ப்புக்கு (டோனையும் டிஸ்டார்ஷனையும் உண்டாக்கும் ஆம்ப்பின் முதல் பகுதி) முன்னால். டிலேயும் ரிவர்ப்பும் பின்னால். கோரஸை இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டுவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குத்தான் நான்கு கேபிள். ஆம்ப்பின் பிரீஆம்ப்புக்குப் பின்னால் எஃபெக்ட் சேர்ப்பதற்கான வழிதான் லூப்; செண்ட் என்பது சிக்னல் வெளியே போகும் ஜாக், ரிட்டர்ன் என்பது திரும்பி வரும் ஜாக். கிட்டாரிலிருந்து மாடலர் இன்புட். மாடலர் செண்டிலிருந்து ஆம்ப்பின் முன்பக்க இன்புட். ஆம்ப்பின் பின்பக்கம் லூப் செண்டிலிருந்து மாடலர் ரிட்டர்ன். மாடலரின் இடது அவுட்புட்டிலிருந்து ஆம்ப்பின் லூப் ரிட்டர்ன். பிரீசெட்டில் ஒரு எஃப்எக்ஸ் லூப் பிளாக் போடுங்கள். அந்த பிளாக் இருக்கும் இடத்தில்தான் உங்கள் பிரீஆம்ப் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இடப்பக்கம் உள்ளவை பிரீஆம்ப்புக்கு முன்னால், வலப்பக்கம் உள்ளவை பின்னால். சிக்னல் இரண்டு முறை டிஜிட்டலாக மாறித் திரும்புவதில் சில மில்லி விநாடி தாமதம் வரும். ஒரு மில்லி விநாடியில் ஒலி 34 சென்டிமீட்டர்தான் போகும், அதாவது ஆம்ப்பிலிருந்து சில அடி தள்ளி நிற்பது போலத்தான். பயப்படாதீர்கள்.

மாடலரின் செண்ட் அளவை குளோபல் செட்டிங்ஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று வையுங்கள். இன்னொரு தேர்வான லைன் லெவல் (மிக்ஸர் போன்ற கருவிகளுக்கான அளவு) 1.2 வோல்ட் வாக்கில் போகும், முன்பக்க இன்புட்டுக்கு அது அதிகம். லூப் பக்கம் ஆம்ப்பின் மேனுவல் சொல்வதைப் பின்பற்றுங்கள். எல்லா எஃபெக்ட்டையும் அணைத்துவிட்டு, கிட்டாரை நேராகச் செருகிய சத்தத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் சரி. ஆம்ப்பின் லூப்பில் மிக்ஸ் குமிழ் இருந்தால் அதை 100 சதவீதத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் நேரடி ஒலியும் தாமதமான ஒலியும் கலந்து டோன் ஓட்டையாகிவிடும்.

இனி இரைச்சல். முதலில் கிட்டார் வால்யூமை பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் நின்றால் அது கிட்டாரின் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகம்) பிடிப்பது. நிற்காவிட்டால், ஆம்ப்புக்கும் மாடலருக்கும் நடுவே பல கேபிள் வழியாக எர்த் சுற்றி வருவதால் எழும் 50 ஹெர்ட்ஸ் ஹம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள், நான்கு கேபிளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள். சுற்றின் பரப்பு குறைந்தாலே ஹம் குறையும். பிறகும் இருந்தால், மாடலர் செண்டுக்கும் ஆம்ப் இன்புட்டுக்கும் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஹம் எலிமினேட்டர் ஒன்றைப் போடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபிள் செய்து வாங்குவதென்றால் ஷீல்டு உள்ள கிட்டார் கேபிளாகக் கேளுங்கள், ஸ்பீக்கர் வயர் ஆகாது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஹம் போகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள். டியூப் ஆம்ப்புக்குள் 300, 400 வோல்ட் ஓடுகிறது. உள்ளே ஏதாவது பழுதாகி அந்த மின்சாரம் உலோக உடலுக்கு வந்தால், அடுத்து வருவது உங்கள் கிட்டார் கம்பி. கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவர் நீங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை இருந்தும் பின்னால் வயரே இல்லாத சாக்கெட்டுகள் உண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்து, வீட்டிலும் சர்ச்சிலும் எர்த் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், சர்ச்சுக்கு 40 வாட் மிக அதிகம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். லூப் பிளாக்குக்குப் பின் பாதையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று கேபினெட் இல்லாமல் இடது அவுட்புட் வழியாக ஆம்ப்புக்கு. மற்றது கேபினெட் பிளாக்கோடு வலது அவுட்புட், டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்கு. ஆம்ப்பின் மாஸ்டர் வால்யூமை உங்கள் காதுக்கு எட்டும் அளவில் வைத்துக்கொண்டால் போதும், சபைக்குப் போகும் சத்தத்தை மிக்ஸரில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.