எரித்ரோபொயட்டின் என்ற புரதத்தின் பெயருக்கு என்ன பொருள்? அது கிரேக்கச் சொல்லா?

ஆம், கிரேக்கம்தான். இதே கேள்வியை என் அம்மாவும் கேட்டிருக்கிறார். சிறுநீரகம் தளர்ந்து ரத்தசோகை வந்தபின், வாரம் ஒருமுறை அவருக்கு இந்த ஊசியைப் போட தாதி எனக்குக் கற்றுக்கொடுத்தார். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். முதல் நாள் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். "பெயரிலேயே பொய் இருக்கிறதேப்பா?" என்றார் அம்மா, கவலையோடு.

அந்தப் 'பொய்' உண்மையில் 'செய்'. கிரேக்கத்தில் 'எரித்ரோஸ்' என்றால் சிவப்பு; 'பொயெய்ன்' என்றால் செய்தல். ஈற்றிலுள்ள 'இன்' புரதப் பெயர்களில் வழக்கமாக வரும் விகுதி. ஆக, சிவப்பணுவைச் செய்வது என்று பொருள்.

ஆங்கிலத்தின் 'போயம்', 'போயட்' இரண்டும் அதே வினையில் பிறந்தவை. கிரேக்கருக்குக் கவிதை, செய்யப்பட்ட பொருள். நாமும் 'செய்யுள்' என்றுதானே சொல்கிறோம்! அதோடு, தமிழில் 'செய்' என்பதற்குச் சிவப்பு என்ற பொருளும் உண்டு. முருகன் செய்யோன், திருமகள் செய்யாள். கிரேக்கத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஆனாலும் அவர்களுக்கு இரண்டு சொல் தேவைப்பட்ட இடத்தில் நம்மிடம் ஓரசைச் சொல் ஒன்றே இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

முதலில் வைத்த பெயர் வேறு. 1906இல் பாரிசில் பால் கார்னோவும் குளோட்டில்ட் டெஃப்லாந்தரும், ரத்தம் இழந்த முயலின் சீரத்தை, அதாவது ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரை, நல்ல முயலுக்கு ஏற்றினார்கள். சிவப்பணு பெருகியது. அதற்குக் காரணமான பொருளை 'ஹீமோபொயட்டின்' என்றார்கள். 'ஹைமா' என்றால் ரத்தம். சிவப்பணுவை மட்டும் சுட்டும் இன்றைய பெயர் 1948இல் ஹெல்சிங்கியில் பான்ஸ்டார்ஃப், யாலவிஸ்டோ இருவரும் வைத்தது.

இந்தப் பெயரில் ஒரு குறை எனக்கு உண்டு. அணுக்களை உண்டாக்குவது எலும்பு மஜ்ஜை. ஆக்சிஜன் குறையும்போது சிறுநீரகம் இந்தப் புரதத்தைச் சுரந்து அனுப்புகிறது. மஜ்ஜையில் முதிராத அணுக்கள் மடிந்துபோகாமல் வளர அது துணைநிற்கிறது. நான் பெயர் வைத்திருந்தால் பிறவினையில் வைத்திருப்பேன்: செய்விப்பது.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். ஊசிக்குழலின் குளிர் போகட்டும் என்று உள்ளங்கையில் மூடிப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் 'ஊசி' என்று எழுதிவைப்பது அவர் வழக்கம். அடுத்த மாதத் தாளில் 'செய்யாள்' என்று எழுதியிருந்தார்.